அதற்குப் பின் அவசரம் இல்லை

மட்டாஞ்சேரி
19 ஜனவரி 2025

செல்விக்கு,

இங்கே நலம், அங்கே நலமா என்று எழுதவேண்டிய இரண்டு வரியை எழுதிவிட்டதாக வைத்துக்கொள். அம்மா நலம். அப்பா வழக்கம்போல் பஜாரில் மூட்டை தூக்கப் போகிறார். மூன்று வருஷத்தில் உன் பெயரை அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை.

உன் கடிதம் வெலிங்டன் தீவில் என் இறால் கம்பெனி வாசலில், செக்யூரிட்டி மேஜை மேல் நாலு நாள் கிடந்து நேற்றுதான் கைக்கு வந்தது. வீட்டு முகவரிக்கு எழுதாதது நல்லது. அப்பா கையில் கிடைத்திருந்தால் கிழிந்திருக்கும்.

உனக்கு அக்டோபரில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பெயர் பொன்மணி. இதை மூன்று மாதம் கழித்து எழுதுகிறாய். நான் மறைத்துப் பேசத் தெரியாதவன், நேராகவே சொல்கிறேன். ராசப்பன் மலைச்சாதிக்காரன் என்று அப்பா குதித்தார். எனக்கு அது ஒரு பொருட்டில்லை. மசாலாக் கடைக்கு ஏலக்காய் கொண்டுவந்தவனோடு, அந்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த என் தங்கச்சி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறினாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

அம்மாவை அடுப்படியில் வைத்துக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கடைசியில், "பிள்ளை என்ன நிறம்னு எழுதலையே கழுதை" என்றாள். பதிலில் எழுது.

உங்கள் மலைக்குடியில் போன் டவர் இல்லை என்கிறாய். மூணாறு சுற்றுலா ஆபீஸ் முகவரி கொடுத்திருக்கிறாய். கடிதம் அங்கிருந்து எப்படி மேலே வருகிறது? நாங்கள் வருவதென்றால் எப்படி வருவது? இதையெல்லாம் முதலிலேயே எழுதவேண்டாமா?

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயா?

தங்கதுரை


தேன்பாறைக்குடி
3 பிப்ரவரி 2025

அண்ணாவுக்கு,

இங்கே எனக்கும் குட்டிக்கும் அவ அப்பாவுக்கும் சுகம். அங்கே உனக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சுகம்னு விசாரிக்கிறேன்.

உன் கடிதத்தைப் படிக்கிறதுக்கு முந்தி மோந்து பார்த்தேன். இறால் வாசம். நீதான்னு உறுதியாச்சு.

சொல்லாம வந்ததுக்குக் கோபம்னு எழுதியிருக்கே. சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? உட்கார வைச்சுக் கேள்வி கேட்டிருப்பே. வீடு எத்தனை அடி, மழைக்கு ஒழுகுமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். ஒண்ணுக்கும் என்கிட்டே பதில் இல்லை. அதான் வந்துட்டேன். வீடு ஒழுகலை. தடுப்பூசி போட்டாச்சு. குடிக்க வெள்ளம் மலையிலேருந்து குழாயில வருது.

குட்டி நம்ம அப்பா நிறம். மூக்கும் அப்பா மூக்கு. அதை அப்பாகிட்ட சொல்லிடாதே.

மூணாறிலேருந்து தினமும் ஒரு வண்டி வரும். அரைநாள் சுற்றுலா. முதல்ல மலைக்கோயில், பின்னே எங்க குடி. வெளியாளுங்க அந்த வண்டியில மட்டும்தான் வரலாம், வேற வண்டியை செக்போஸ்ட்ல விட மாட்டாங்க. டிரைவர் பாண்டித்துரை அண்ணன் தமிழ்க்காரர், அவர்தான் எனக்குத் தபால்காரர். வர்றவங்க எங்களை நாப்பது நிமிஷம் பார்ப்பாங்க. போன வாரம் ஒரு சேச்சி என்கிட்ட, "நீங்கள்லாம் தீப்பெட்டி உபயோகிப்பீங்களா?"ன்னு கேட்டாள். மட்டாஞ்சேரியில கம்ப்யூட்டர்ல பில் போட்டவ நான். "இப்பதான் கத்துக்கிட்டு வர்றோம் சேச்சி"ன்னேன். பாவம், நம்பிட்டா.

இங்கே பேசுறதும் தமிழ்தான் அண்ணா, ஆனா நம்ம தமிழ் இல்லை. ஆளுங்க நல்லவங்க. ஒரு குறை மட்டும் உண்டு. இங்கே ஒருத்தி பேரைச் சொன்னா உடனே "பிறந்த வீடு எது?"ன்னு கேப்பாங்க. நான் மட்டாஞ்சேரின்னு சொல்றேன். "அங்கேருந்து யாரும் வரலையே"ங்கிறாங்க.

அம்மாவுக்கு முட்டு வலி எப்படி இருக்கு? உன் பதிலைக் காத்துக்கிட்டு இருக்கேன்.

உன் செல்வி


மட்டாஞ்சேரி
16 பிப்ரவரி 2025

செல்விக்கு,

அனைவரும் நலம். நீயும் குழந்தையும் நலம் என்பது தெரிந்தது, சந்தோஷம்.

முதலில் உன் தமிழ். நீ மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் எழுத்தை பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்டவள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்காக இப்படியா? "சுகம்னு விசாரிக்கிறேன்" என்கிறாய். விசாரிப்பது என்றால் கேட்பது. நினைப்பது அல்ல. குழாயில் வருவது தண்ணீர். வெள்ளம் என்றால் ஊர் முங்குவது. குடிக்க வெள்ளம் வருகிறது என்றதும் அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டாள். நான் தென்காசி ஹாஸ்டலில் தமிழில் படித்துத் தேறியவன், எனக்குக் கண்ணில் குத்துகிறது. எழுதியதும் ஒரு தடவை திருப்பிப் படி.

எங்கள் வேலையில் லாக் புத்தகம் என்று ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை குளிர் அறை என்ன டிகிரியில் இருக்கிறது என்று எழுதவேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாகிவிட்டால் குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஆறு வருஷத்தில் நான் அப்படி ஒரு கையெழுத்தும் போட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. கவனம் இருந்தால் பிழை வராது என்பதற்குச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முட்டு வலி பரவாயில்லை. திங்களும் வியாழனும் காலையில் அவளைக் கொஞ்சம் வெளியே கூட்டிப் போகவேண்டியிருக்கிறது. மற்ற நாளில் வீட்டில்தான். பேத்தி அப்பா நிறம் என்றதும் சிரித்தாள். "அந்த மனுசனுக்கு வேணும்" என்றாள். பேத்திக்கு வசம்பு வளையல் கோத்துக்கொண்டிருக்கிறாள், கண் சரியாகத் தெரியாததால் கோக்க நேரமாகிறது.

வருகிறோம். எப்போது என்று சொல்.

தங்கதுரை


தேன்பாறைக்குடி
16 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

உன் வாத்தியார் கடிதம் கிடைச்சது. நாங்க சுகம். நீங்களும் சுகம்னு நினைக்கிறேன். திருத்திட்டேன், பார்த்தியா? பாறை இடுக்குலேருந்து தண்ணீர் வருது. அம்மாகிட்ட சொல்லு, ஊர் முங்கலை.

இன்னும் பிழை இருந்தா பொறுத்துக்கோ. எனக்கு மனசுல வர்றது தமிழா மலையாளமான்னு எனக்கே தெரியலை. வந்ததை எழுதுறேன்.

விஷயம் இதுதான். ஏப்ரல் பதிமூணு, ஞாயித்துக்கிழமை, மலைக்கோயில்ல குட்டிக்கு முடி எடுக்கிறாங்க. மாமன் மடியில உட்கார வைச்சுத்தான் எடுக்கணும். குட்டியோட மாமன் வருவானான்னு குடியில தினம் கேக்குறாங்க. வருவான், அவன் மெஷினையே அதட்டி ஓட வைக்கிறவன்னு சொல்லியிருக்கேன். அம்மாவையும் கூட்டிட்டு வா. அப்பாகிட்ட என்ன சொல்லணுமோ அதை நீ பார்த்துச் சொல்லு.

ரொம்ப எழுதலை அண்ணா. எழுதினா கெஞ்சுற மாதிரி இருக்கும். அன்னைக்கு வர முடியலேன்னா, அதுக்குப் பின்னே அவசரம் இல்லை. இவ்வளவுதான்.

குட்டி இப்ப குப்புற விழறா. திங்கள், வியாழன் அம்மா எங்கே போறா? கோயிலுக்கா?

உன் செல்வி


மட்டாஞ்சேரி
30 மார்ச் 2025

செல்விக்கு,

நலம். உன் கடிதத்தில் இந்தத் தடவை பிழை குறைவு.

ஏப்ரல் பதிமூன்று முடியாது. அந்த வாரம் முழுக்க அம்மாவால் நகர முடியாது. காரணம் இருக்கிறது, கடிதத்தில் எழுதுகிற காரணம் இல்லை. நேரில் சொல்கிறேன்.

எனக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின் அவசரம் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதுவும் நல்லதுதான். எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். "புரிஞ்ச பிள்ளை" என்றாள்.

மே மாதம் அந்த அரைநாள் வண்டியிலேயே வந்து பார்த்தால் போச்சு. மலைக்கோயிலும் பார்த்த மாதிரி இருக்கும். குழந்தை தலையில் தண்ணீர் படும்போது அழுவாள், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்.

அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கதுரை


மட்டாஞ்சேரி
18 மே 2025

செல்விக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை. நேற்று நேரிலேயே பார்த்தாச்சு. நன்றாகத்தான் இருக்கிறாய்.

என் மார்ச் கடிதத்துக்கு நீ பதில் போடாதபோதே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், உனக்கு மறந்திருந்தால் உதவும்.

வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் மூன்று தடவை வாந்தி. மூணாறில் தங்கி, சனிக்கிழமை காலை ஏழரைக்கு உங்கள் வண்டி. பன்னிரண்டு பேர். டிரைவர் பாண்டித்துரை லீவு, வேறு ஆள். கைடு மாதுரி என்று ஒரு பெண், அட்டை கடிப்பதைப் பற்றி ஒரே ஜோக்கை மூன்று மொழியில் சொன்னாள். எட்டு நாற்பதுக்கு மலைக்கோயில். நூற்றுப் பன்னிரண்டு படி. அம்மா பதினெட்டாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போயி சாமி பாரு. நான் பேத்தியைப் பார்க்க வந்தவ" என்றாள். மேலே ஒரு கல்லைக் காட்டி, இங்கேதான் மலைமக்கள் குழந்தைகளுக்கு முடி எடுப்பார்கள், படம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் மாதுரி. எல்லாரும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

பத்தரைக்குக் குடி. குழந்தைகளைத் தொடக்கூடாது, மிட்டாய் கொடுக்கக்கூடாது என்று விதி சொல்லி, விருந்தாளிகளுக்கான கீற்றுப் பந்தலில் எங்களை உட்கார வைத்தாள். நீ சாயாத் தட்டோடு வந்தாய். இடுப்பில் குழந்தை, தலையில் முள்ளு முள்ளாக முடி. நான், "செல்வி" என்று கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா?

"வாங்க. இருங்க. சாயா எடுத்துக்குங்க."

எனக்கு இருங்க. அம்மாவுக்கு எடுத்துக்குங்க.

அம்மா எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். மாதுரி ஓடிவந்து, "அம்மே, குட்டியெ தொடண்டா, இவிடத்தெ நியமமா" என்றாள். "இவள் என் தங்கச்சி" என்று நான் சத்தம் போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "இவிடெ வந்நால் எல்லாருக்கும் அங்ஙனெ தோணும் சேட்டா" என்றாள். எல்லாருக்கும் அப்படித் தோன்றுமாம். வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்குள் தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்து நின்றார். "குட்டிக்கு மாமன் நாந்தான். என்ன வேணும்?" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கிளாசுகளை எண்ணிக்கொண்டிருந்தாய்.

அம்மா உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போடலை" என்றாள். பிறகு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். வசம்பு வளையல் அவள் முந்தானை முடிச்சிலேயே இருந்தது. பதினொன்று பத்துக்கு மாதுரி கை தட்டினாள்.

வண்டிக் கதவைச் சாத்துவதற்கு முன்பே அம்மா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மூணாறு வந்து சேரும்வரை எடுக்கவில்லை. 11.14 முதல் 12.50 வரை.

நீ நன்றாக இரு. நான் இனி வரமாட்டேன்.

தங்கதுரை


தேன்பாறைக்குடி
1 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் வேண்டிக்கிறேன்.

ஏப்ரல் பதிமூணு விடியுறதுக்கு முந்தியே கோயில் போயிட்டோம். நீங்க வர மாட்டேன்னு எழுதின கடிதம் கையில இருந்தும், மனசு கேக்காம குடி ஆளுங்களை உச்சிவெயில் வரைக்கும் நிக்க வைச்சேன். குட்டி தலையை நனைச்சு மூணு தடவை காய்ஞ்சு போச்சு. பூசாரி, "மாமன் எங்கே?"ன்னு மூணு தடவை கேட்பார். மூணாவது தடவையும் ஆள் இல்லேன்னா வேற ஒருத்தர் மடி கொடுக்கணும். நீங்க பந்தல்ல பார்த்தீங்களே தலைப்பாகைக்காரர், அந்த நாகப்பன் அண்ணன் வந்து உட்கார்ந்தார். மடி கொடுத்தவர் வீடுதான் அதுக்கப்புறம் எனக்குப் பிறந்த வீடு. இங்கே அது மாறாது. அவர் வீட்டு ஆளுங்க முன்னாடி இன்னொருத்தரை அண்ணன்னு, அம்மான்னு கூப்பிட்டா, மடி கொடுத்தவரைத் தள்ளி விட்ட மாதிரி. அதான் கூப்பிடலை.

இது தெரியாதுன்னு சொல்லாதீங்க. அன்னைக்கு விட்டா அதுக்குப் பின்னே அவசரம் இல்லைன்னு நான் எழுதியிருந்தேன். அதுவும் நல்லதுதான், பெரிய நிம்மதின்னு நீங்க எழுதினீங்க. புரிஞ்ச பிள்ளைன்னு அம்மாவும் சொன்னாளாம். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். அப்புறம் டிக்கெட் எடுத்து வேடிக்கை பார்க்க வந்தீங்க. வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்கு நான் தினமும் என்ன சொல்வேனோ அதைத்தான் சொன்னேன்.

அம்மா சாயாவுக்குச் சீனி வேணும்னே போடலை. அவளுக்குச் சர்க்கரை உண்டே.

அம்மா ரொம்ப மெலிஞ்சிருக்கா. பார்த்துக்குங்க.

மழை பிடிச்சாச்சு. வண்டியை நிறுத்தப் போறாங்க. இனி ஓணம் கழிஞ்சுதான் கடிதம் வரும், போகும்.

இப்படிக்கு
பாண்டிச்செல்வி


மட்டாஞ்சேரி
27 ஜூலை 2025

செல்விக்கு,

இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. கிடைக்கும்போது உட்கார்ந்து படி. குழந்தையை ராசப்பனிடம் கொடுத்துவிடு.

அம்மா இறந்துவிட்டாள். ஜூலை 9, புதன்கிழமை, காலை 10.20.

அன்றே மூணாறு ஆபீசுக்குப் போன் செய்தேன். பாலம் முங்கிக் கிடக்கிறது, குடிக்கு ஆள் அனுப்ப வழியில்லை என்றார்கள். எடுக்கும் நேரம் வந்தபோது அப்பா கேட்டார்: "அவளுக்குச் சொல்லியாச்சா?" மூன்று வருஷத்தில் முதல் தடவை. சொல்ல முடியவில்லை என்றேன். திண்டாடிப்போய் வாசலில் நின்றார். மூட்டை தூக்குகிற மனுஷன், பாடையைத் தூக்கும்போது கால் இடறினார்.

திங்கள், வியாழன் என்று எழுதினேனே, அது டயாலிசிஸ். ஒன்றரை வருஷமாக இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஏப்ரல் 11 அன்று ஊசி ஏற்றுவதற்கு வழி செய்யக் கையில் ஆபரேஷன், அதனால்தான் பதிமூன்று முடியாது என்றேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். "கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவா. அவ அப்பன் வாசல்ல நின்னு விரட்டுவான். அதைப் பார்க்க என்னால ஆகாது" என்றாள். அரைநாள் வண்டிதான் எங்களுக்கு ஒத்து வந்தது. வியாழனுக்கும் திங்களுக்கும் நடுவில் போய்த் திரும்பவேண்டும் அல்லவா?

தண்ணீர், கஞ்சி, சாயா எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிக்கு மேல் ஆகாது. உன் கிளாஸ் பெரியது. நான் பிடுங்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டுக் குடித்தாள்.

இப்போது எழுதவேண்டியதை எழுதுகிறேன்.

உன் ஜூன் கடிதம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவசரம் இல்லை என்று எழுதிவிட்டு, அவசரப்பட்டு வேறு மாமனைத் தேடியவள் நீதான் என்று நினைத்தேன். பதில் போடவில்லை.

பதினாறாம் நாளுக்கு எங்கள் சூப்பர்வைசர் ரமேஷ்பாபு சேட்டன் வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொரே, அம்மயெ ஒந்நு காணான் எனிக்கொரு அவசரம் கிட்டியில்லல்லோ" என்றார். அவசரம் எதற்கு சேட்டா என்று கேட்க வாயெடுத்தேன். வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

அவசரம். சந்தர்ப்பம். வாய்ப்பு. அம்மாவை ஒரு தடவை பார்க்கத் தனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லையே என்கிறார். ஆறு வருஷமாக அந்தத் தீவில் தினமும் காதில் விழுகிற மலையாள வார்த்தை. நீ வாயால் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். தமிழ் எழுத்தில் படித்ததால் தமிழாகவே படித்தேன். அன்று விட்டால் பிறகு சந்தர்ப்பமே இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய். நிதானமாக வா என்று நான் படித்திருக்கிறேன். விசாரிக்கிறேனைப் பிடித்தேன், வெள்ளத்தைப் பிடித்தேன், இதைப் பிடிக்கவில்லை. போதாததற்கு, இனி வாய்ப்பில்லையா, அதுவும் நல்லதுதான் என்று உனக்கே திருப்பி எழுதியிருக்கிறேன். நீ அதை எப்படிப் படித்திருப்பாய் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். வேறு எப்படியும் படித்திருக்க முடியாது.

எதற்கெடுத்தாலும் பறக்கிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நிதானமாக வந்தேன்.

அம்மா போனது ஒன்பதாம் தேதி. எனக்குப் புரிந்தது இருபத்து நாலாம் தேதி. அன்று மலையிலிருந்து இறங்கியபிறகு அவள் ஒரே ஒரு தடவைதான் உன்னைப் பற்றிப் பேசினாள். "என்னைய எடுத்துக்குங்கன்னா தொரை" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. மறைக்காமல் எழுதிவிட்டேன்.

என்னை எதுவும் சொல்லிக்கொள்.

தங்கதுரை


தேன்பாறைக்குடி
14 செப்டம்பர் 2025

அண்ணா,

நேத்து முதல் வண்டி வந்தது. பாண்டித்துரை அண்ணன் உன் கடிதத்தைக் கொடுத்துட்டு, கவர்ல தேதி பார்த்து, "பழசும்மா"ன்னார்.

நீ உட்கார்ந்து படின்னு எழுதியிருந்தே. நான் நின்னுக்கிட்டுத்தான் படிச்சேன்.

நான் உன்னை என்ன சொல்றது? என் தமிழ்தான். அந்த வரியை எழுதும்போது ரெண்டு வரி கூட எழுதியிருந்தா போதும். கெஞ்சக் கூடாதுன்னு இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு நீ ஒரு வரி எழுதியிருந்தா, யார் வாசல்ல நின்னு விரட்டினாலும் நான் வந்திருப்பேன். அதுவும் இல்லை. போகட்டும். இனி யாரைச் சொல்ல?

அந்த சாயாவை நான் பெரிய கிளாஸ்ல ஊத்தினேன் அண்ணா. மத்தவங்களுக்கெல்லாம் சின்ன கிளாஸ். அம்மாவுக்கு மட்டும் என் கிளாஸ். கூப்பிட முடியலையே, அதையாவது செய்வோம்னு. அது அவளுக்கு ஆகாதுன்னு இப்பத்தான் தெரியுது.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க வண்டிக்கு நடந்ததும் நான் குட்டியைத் தூக்கிக்கிட்டுக் குறுக்குப் பாதையில ஓடினேன். கீழே வண்டி வளையுற இடத்துல ஒரு பெரிய பாறை இருக்கு. அது மேல ஏறி, குட்டியை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சேன். அங்கே நாகப்பன் அண்ணன் வீட்டு ஆளுங்க யாரும் இல்லை. அம்மான்னு கத்தினேன். வண்டி நிக்கலை. ஜன்னல்ல அம்மாவோட பச்சைச் சேலை மட்டும் தெரிஞ்சது. பார்த்திருப்பான்னு நினைச்சு இத்தனை நாள் இருந்தேன். உன் மே மாசக் கடிதத்துல, கதவைச் சாத்துறதுக்கு முன்பே துண்டால முகத்தை மூடிட்டாள்னு இருக்கு. அதை அப்ப கோபத்துல சரியாப் படிக்கலை. இப்ப படிச்சேன்.

நீ மணி தப்பா எழுத மாட்டே. எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருக்கா ஓர்த்துப் பாரு அண்ணா. பாறை வளைவுக்கு முந்தியா, பிந்தியா?

குட்டி நிக்கப் பழகுறா. நீ வந்தா பந்தல்லதான் உட்காரணும், அதை என்னால மாத்த முடியாது. அவ உன்னை மாமான்னு கூப்பிட மாட்டா. அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?

உன் செல்வி


மட்டாஞ்சேரி
22 செப்டம்பர் 2025

செல்விக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் ராசப்பனும் குழந்தையும் நலமாக இருக்கவேண்டும்.

அப்பா இப்போது நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பேத்திக்குத் தன் மூக்கு என்பதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அது பழைய கடிதத்தில் இருந்தது, தேடி எடுத்துப் படித்தேன்.

வசம்பு வளையலை இத்துடன் அனுப்புகிறேன். குழந்தை கைக்கு இப்போது பத்தாது. வைத்துக்கொள்.

அடுத்த மாதம் வருகிறேன். பந்தலில் உட்காருகிறேன், எனக்கு ஒன்றுமில்லை. சீனி போடு. குழந்தை என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும்.

நீ கேட்டதை யோசித்துப் பார்த்தேன். என் மே 18 கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. கதவைச் சாத்துவதற்கு முன்பே அம்மா முகத்தை மூடிக்கொண்டாள் என்று எழுதிவிட்டேன். கோபத்தில் நேரத்தைத் தப்பாகக் குறித்திருக்கிறேன். பாறை வளைவு தாண்டிய பிறகுதான் மூடினாள். அவள்தான் ஜன்னல் பக்கம். "அங்க பாரு தொரை, மொட்டை மண்டையில வெயில் படுது, அந்தக் கழுதைக்குத் தெரியலை பாரு" என்றாள். கையைக்கூட ஆட்டினாள். தூரத்தில் உனக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கடிதத்தை எடு. "முன்பே" என்பதன் குறுக்கே ஒரு கோடு போடு. "பிறகு" என்று எழுதிக்கொள். லாக் புத்தகத்தில் போல, திருத்தத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து வேண்டும். கீழே தனியாகப் போட்டிருக்கிறேன். வெட்டி ஒட்டிக்கொள்.

தங்கதுரை